கரவனில் போன முருகனும் கதைக்காத அண்ணையும்

பெற்றோல் விற்கிறவனுக்கு வாகனத்தைப் பற்றி எல்லாம் தெரியும் என்று நம்புவது, மருந்துக்கடையில் பில் போடுகிற பிள்ளையிடம் நெஞ்சைக் கொடுத்து ஒப்பரேஷன் செய்யச் சொல்வது மாதிரி. இதை நான் இன்றைக்குச் சொல்கிறேன். தொண்ணூறுகளின் நடுவில், லண்டன் நோர்பரியில் ஒரு பெற்றோல் ஸ்டேஷனில் கண்ணாடிக்குப் பின்னால் ஒன்பது வருடம் நின்ற கொழுப்பில், எனக்கு வேறு அபிப்பிராயம் இருந்தது. உள்ளே வருகிற காரின் சத்தத்தைக் கேட்டே அதன் நோயைச் சொல்லிவிடுவேன் என்று வீட்டில் பீற்றிக்கொள்வேன். (உண்மையில் எனக்குத் தெரிந்தது பம்ப் நம்பர் மட்டும்தான்.)

பத்தாம் வகுப்புக்கு மேல் நான் படிக்கவில்லை. ஆனால் காலையில் குளித்து, திருநீறு பூசி, சுவாமிப் படத்துக்கு முன்னால் நின்று இரண்டு தேவாரம் பாடாமல் ஒரு நாளும் ஷிப்டுக்குப் போனதில்லை. என் படிப்பு நின்ற இடத்திலிருந்து மிச்சத்தை முருகன் பார்த்துக்கொள்வான் என்று இருந்தவன். பெரும்பாலும் பார்த்துக்கொண்டான். இந்தக் கதையில் அவனை நான் எந்த இடத்தில் வைத்தேன் என்பதுதான் பிரச்சினை.

முதலில் அண்ணையைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அண்ணை என்னிலும் பன்னிரண்டு வயது மூத்தவர். ஐயா (அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம்) வேளைக்கே செத்துப்போனதால் என்னை வளர்த்ததும் அடித்ததும் அவர்தான். இருபது வருடத்துக்கு மேல் லொறி ஓடினவர். யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு வெங்காயம், புகையிலை. திரும்பி வரும்போது மாவும் சீமெந்தும். அவருடைய வாயைப் பற்றி ஊரில் தனியாகக் கதைப்பார்கள். லொறியின் ஹோர்ன் பழுதாகி ஆறு மாதமாகியும் அவர் திருத்தவில்லை. தலையை வெளியே நீட்டி ஒரு சத்தம் வைத்தால் நடுச்சந்தியில் படுத்திருக்கிற மாடு எழும்பிப் போகும். எண்பத்திநாலில் நான் லண்டனுக்கு வெளிக்கிட்டபோது ரயில் ஸ்டேஷன் வரைக்கும் என்னை ஏசிக்கொண்டே வந்தார். "சப்பாத்து லேஸ் கட்டத் தெரியாததெல்லாம் லண்டன் போகுது" என்பதுதான் அவர் எனக்குத் தந்த ஆசீர்வாதம். ரயில் நகர்ந்த பிறகும் அவர் பேசுவது கேட்டது.

அந்த மனுசன் தொண்ணூறுகளில் சண்டையால் ஊரே இடம்பெயர்ந்த பிறகு என்னிடம் வந்து சேர்ந்தபோது, ஹீத்ரோவில் எனக்கு முதலில் அடையாளம் தெரியவில்லை. அந்த இடப்பெயர்வில் போகிற வழியில் அண்ணி காய்ச்சலில் செத்துப்போனா என்று மட்டும் தெரியும். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. கட்டிப்பிடித்து, "சுகமே அண்ணை?" என்று கேட்டேன். "ஓம்" என்றார். பயணம் எப்படி என்றேன். "ஓம்" என்றார்.

அதற்குப் பிறகு நாலு மாதம், எங்கள் வீட்டில் அவர் பாவித்தது இரண்டே இரண்டு சொல். "ஓம்." "வேண்டாம்."

முன்னறை ஜன்னலுக்குப் பக்கத்தில் ஒரு கதிரை. காலையிலிருந்து பின்னேரம் மட்டும் அதில் இருப்பார். செவ்வாய்க்கிழமைகளில் கவுன்சிலின் குப்பை லொறி வரும்போது மட்டும் கொஞ்சம் முன்னுக்குச் சரிந்து பார்ப்பார். டொக்டர் மனவருத்தம் என்று சொல்லிக் குளிசை எழுதித் தந்தார். குளிசைப் போத்தல் திறக்கப்படாமல் கிடந்தது. எனக்கு அதைவிடப் பெரிய துக்கம் வேறொன்று. திருநீற்றுத் தட்டை நீட்டினால், எனக்கு ஏடு தொடக்கிவைத்த அந்தக் கையால் அதைத் தள்ளி, "வேண்டாம்" என்பார்.

என் மனைவி தவமணி, "விடுங்கோ. அவர் வரேக்கை வரட்டும்" என்றாள். நான் விடுகிற ஆளா? படத்துக்கு முன்னால் நின்று நேர்த்தி வைத்துவிட்டேன். "முருகா, அண்ணை பழையபடி வாய் திறந்து கதைக்க வேணும். உன்ரை வாசலை மிதிக்க வேணும். வேல்ஸ் மலையிலை இருக்கிற உன்ரை கோவிலுக்கு அவரைக் கொண்டுவாறன். நூற்றெட்டுத் தேங்காய் உடைக்கிறன். அண்டைக்கு வாற அடியாருக்கெல்லாம் ஒரு நேரம் சோறு போடுறன்." நேர்த்தி வைக்கும்போது போக்குவரத்தைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை.

கோவிலில் இரவு தங்குவதென்றால் மண்டபம்தான். அண்ணை அந்நியர் நிறைந்த மண்டபங்களில் படுக்கமாட்டார். அகதி முகாமில் இருந்து வந்ததால் அப்படி. அடியாருக்குச் சமைக்கவும் சுத்தமான அடுப்பு வேண்டும். இதையெல்லாம் என் ஸ்டேஷன் மனேஜர் டெரிக்கிடம் என்னுடைய ஆங்கிலத்தில் சொன்னேன். நல்ல மனிதர். அந்த வருடம் முழங்காலில் ஒப்பரேஷன் செய்து விடுமுறைக்குப் போக முடியாமல் இருந்தார். "என்னுடைய ஜீப்பையும் கரவனையும் கொண்டு போ" என்றார். கரவன் என்றால், இரண்டு சில்லில் நிற்கிற ஒரு சின்ன வீடு. உள்ளே அடுப்பு, கட்டில், கக்கூசு. ஜீப்பின் பின்கொக்கியில் கொழுவி இழுக்க வேண்டும்.

டெரிக் ஊன்றுகோலோடு வந்து அரை மணி நேரம் விளங்கப்படுத்தினார். பாரமான சாமானை நடுவில், சில்லுக்கு மேலே வை. வாலில் எதையும் வைக்காதே. ஐம்பது மைலுக்கு மேல் ஓடாதே. ஓடும்போது கரவனுக்குள் ஆட்கள் இருக்கக் கூடாது. நான் எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். ஆங்கிலத்தில் நீளமாகப் பேசுகிறவர்களுக்குத் தலையாட்டுவது ஒன்றுதான் நான் இந்த நாட்டில் எடுத்த பட்டம். ஆனால் அன்றைக்கு அவர் சொன்னது எனக்கு விளங்கத்தான் செய்தது. அதுதான் வெட்கக்கேடு.

வெள்ளிக்கிழமை காலை கரவனில் சாமான் ஏற்றத் தொடங்கினேன். முதலில் ஏறினது முருகன். கரவனின் முன்பக்கம் பெரிய கண்ணாடி ஜன்னல். அதன் கீழே மேசை. வள்ளி தெய்வானையோடு மயிலில் இருக்கிற எங்கள் வீட்டுப் பெரிய படத்தை அந்த மேசையில் பட்டுத்துணி விரித்து வைத்து, கயிறு போட்டுக் கட்டி, மாலையும் போட்டேன். கரவனின் முன்பாதி கோவிலாகிவிட்டது.

அதற்குப் பிறகுதான் சிக்கல். சுவாமிக்கு முன்னால் செருப்பு வைக்கலாமா? கூடாது. சட்டி பானை? சீ. மூட்டை முடிச்சு? வாசலை மறைக்கும். ஆகவே இருபது கிலோ அரிசிப் பைகள் இரண்டு, பருப்பு, கோவிலில் இரவல் வாங்கின கிடாரம் இரண்டு, தண்ணீர்க் கான்கள், உடுப்புப் பெட்டி, நூற்றெட்டுத் தேங்காய் உள்ள மூன்று சாக்கு எல்லாவற்றையும் பக்தியோடு இழுத்துக் கொண்டுபோய் வாலில் அடுக்கினேன்.

தவமணி வாசலில் நின்று பார்த்தாள். "இஞ்சாருங்கோ, அரிசியை நடுவிலை வைக்கச் சொன்னவரெல்லே?"

"நடுவிலை வைச்சால் சுவாமிக்குக் குறுக்கை அரிசி மூட்டையே? பிறகு எங்கை நிண்டு கும்பிடுறது?"

"ஓடுற கரவனுக்கை ஆர் நிண்டு கும்பிடப் போறது? ஆக்களே இருக்கக் கூடாதெண்டு சொன்னவரெல்லே?"

பதில் இல்லாத இடத்தில் ஆண்கள் குரலை உயர்த்துவது வழக்கம். "டெரிக்குக்குக் கார் தெரியும். முருகனைத் தெரியுமே?" என்றேன். அவள் உள்ளே போய்விட்டாள்.

அந்த நேரம் அண்ணை ஜன்னல் கதிரையை விட்டு எழும்பி வெளியே வந்தார். கரவனைப் பார்த்தார். பிறகு கையைப் பின்னால் கட்டிக்கொண்டு அதை ஒரு முறை சுற்றி வந்தார். வாலுக்குப் பக்கத்தில் கொஞ்சம் நின்று, காலைத் தூக்கி வைத்து எதையோ அமத்தினார். என்னைப் பார்த்தார். போய் ஜீப்பின் முன்சீற்றில் ஏறி இருந்துவிட்டார்.

நான் குசினிக்கு ஓடினேன். எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. "தவம், தவம்! அண்ணை சுவாமியை வலம் வந்திட்டார்!"

அவள் புட்டுக் கட்டிக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தாமல், "இடப்பக்கமாய்ச் சுத்தினவர். நான் ஜன்னலாலை கண்டனான்" என்றாள்.

எந்தப் பக்கமாகச் சுற்றினால் என்ன? எனக்கு அது போதும். கொக்கிக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்து, ஜீப்புக்கு நாலும் கரவனுக்கு இரண்டுமாக ஆறு தேசிக்காயைச் சில்லுகளுக்குக் கீழே வைத்து நசித்து, கற்பூரம் கொளுத்தி, தேங்காய் உடைத்துப் புறப்பட்டோம். முன்வீட்டுக் கிழவி திரையை விலக்கிப் பார்த்துக்கொண்டிருந்தா. கையசைத்தேன். திரை மூடிக்கொண்டது.

மோட்டார் வேயில் எல்லாம் நன்றாகத்தான் போனது. நான் ஓடுகிறேன், பக்கத்தில் அண்ணை, பின்சீற்றில் தவமணியும் பதின்மூன்று வயது மகள் கல்யாணியும். அறுபதில் போனேன். தவமணி, "அம்பது எண்டவரெல்லே" என்றாள். கல்யாணி பின்னால் திரும்பிப் பார்த்து, "அப்பா, கரவன் டான்ஸ் ஆடுது" என்றாள்.

"காத்து பிள்ளை."

"மரமொண்டும் ஆடேல்லை அப்பா."

"அது மேல் காத்து. கரவனுக்கு மட்டும் படும்." பெற்றோல் ஸ்டேஷனில் ஒன்பது வருடம் நின்றவனுக்குக் காற்றைப் பற்றியும் தெரியும்.

வேல்ஸுக்குள் போய் மலைப்பாதையில் ஏறத் தொடங்கினோம். ஜீப் முனகியது. பின்பக்கத்தை யாரோ தூக்கிப் பிடித்துக்கொண்டு வருகிற மாதிரி ஒரு விதமான லேசு. பதினைந்து மைல் வேகம். எங்களுக்குப் பின்னால் கார்கள் சேர்ந்து சேர்ந்து, வளைவில் திரும்பிப் பார்த்தபோது முடிவு தெரியாத ஒரு வரிசை. ஹோர்ன் அடித்தார்கள். "எல்லாம் கோவிலுக்குத்தான் போகினம் போல" என்றேன். யாரும் சிரிக்கவில்லை. நானும் பகிடிக்குச் சொல்லவில்லை. அண்ணை ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். மலை, வெயில், ஆடுகள், பச்சை எதுவும் அவர் முகத்தில் ஒன்றும் செய்யவில்லை. ஒரு முறை மட்டும், மேட்டின் உச்சிக்கு வந்தபோது, கண்ணை மூடிக்கொண்டார். கும்பிடுகிறார் என்று நினைத்தேன்.

உச்சியைத் தாண்டினதும் இறக்கம். நீளமான நேர் இறக்கம். இடப்பக்கம் கல் மதில், வலப்பக்கம் பள்ளம். பாதிதூரம் மட்டும் எனக்கே சந்தோஷமாக இருந்தது, ஒரு மாதிரி ஏறிவிட்டோமே என்று.

பிறகு பின்கண்ணாடியில் கரவன் இடப்பக்கமாகத் தெரிந்தது. அடுத்த கணம் வலப்பக்கமாகத் தெரிந்தது. ஜீப்பின் பின்பக்கத்தை ஒரு யானை வாலில் பிடித்து ஆட்டுகிற மாதிரி, இஞ்சாலை ஒரு இழுப்பு, அங்காலை ஒரு இழுப்பு. ஒவ்வொரு இழுப்பும் முன்னதைவிடப் பெரிசு. கல்யாணி வீரிட்டுக் கத்தினாள். தவமணி "முருகா" என்றாள். நான் என்ன செய்தேன்? வாகனம் தெரிந்த எவனும் செய்யக் கூடாத அந்த ஒரு காரியத்தைச் செய்தேன். பிறேக்கில் ஏறி நின்றேன். கரவன் முழுப் பாரத்தோடும் வந்து ஜீப்பைக் குறுக்கே தள்ளியது. பள்ளம் கண்ணாடி முழுக்க வந்து நின்றது.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது.

"விசரா! காலை எடடா!"

ஜீப்புக்குள் இடி விழுந்த மாதிரி. என் கால் என்னைக் கேட்காமலே பிறேக்கை விட்டுத் துள்ளியது.

"பிறேக்கைத் தொடாதை! தொட்டியெண்டால் உன்ரை காலை முறிப்பன்! ஸ்டியரிங்கை நேராப் பிடி. திருப்பாதை. திருப்பாதையெடா பேயா, அது ஆடினபடி ஆடட்டும், நீ நேரா நில்! கியரைக் குறை. இன்னும் குறை. ஓம். விடு. அப்பிடியே விடு."

ஆட்டம் ஒவ்வொரு வீச்சாகக் குறைந்தது. கடைசி வீச்சில் கரவனின் பின்மூலை கல் மதிலில் உரசித் தேய்ந்து, ஒரு சில்லு ரோட்டோர வடிகால் கானுக்குள் இறங்க, எல்லாம் நின்றது.

பிறகு கல்யாணி மெதுவாக, "அம்மா, பெரியப்பா கதைச்சிட்டார்" என்றாள்.

அண்ணை நிறுத்தவில்லை. கதவைத் திறந்து இறங்கியவர் நாலு மாதத்துக்குச் சேர்த்துப் பேசினார். "எந்த விசரனடா உனக்கு லைசென்ஸ் தந்தவன்? அவனைக் கொண்டா, முதல் அவனுக்குக் குடுக்கிறன். மாட்டு வண்டிலுக்கும் பாரம் பாத்துத்தானேடா ஏத்துறது! பெண்டில் பிள்ளையைப் பின்னுக்கு வைச்சுக்கொண்டு அறுபதிலை ஓடுறாய், அறுபதிலை! என்னடா இளிக்கிறாய்?"

நான் இளித்துக்கொண்டுதான் நின்றேன். கன்னத்தால் கண்ணீர் ஓடுகிறது, வாய் இளிக்கிறது. கைகூப்பி, "முருகா, கதைக்க வைச்சிட்டாய்!" என்று கத்தினேன். அந்த நேரத்தில்தான் கரவனின் கதவு தன்பாட்டில் திறந்துகொண்டது.

நூற்றெட்டுத் தேங்காயும் இறங்கின. சாக்குகள் எப்போதோ கிழிந்திருக்க வேண்டும். ஒவ்வொன்றாக வாசற்படியில் தட்டி, ரோட்டில் குதித்து, அந்த நீளமான இறக்கத்தில் உருளத் தொடங்கின. மதிலுக்கு அங்கால் நின்ற செம்மறிகள் மேய்வதை நிறுத்திவிட்டுப் பார்த்தன. பின்னால் வந்த கார்க்காரர்கள் (அவ்வளவு நேரமும் ஹோர்ன் அடித்தவர்கள்) இறங்கி ஓடிப்போய்ப் பொறுக்கினார்கள். ஒரு வெள்ளைக்கார அம்மா இரண்டு தேங்காயை இரட்டைக் குழந்தை மாதிரி இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு வந்து என்னிடம் தந்து, "உங்களுக்கு ஒன்றும் ஆகவில்லையே?" என்று கேட்டா. நான் தலையாட்டினேன். என்னுடைய பட்டம்.

பக்கத்துப் பண்ணைக்காரர் வந்து பார்த்தார். உழவு இயந்திரமும் சங்கிலியும் கொண்டுவருகிறேன், ஒரு மணி நேரம் செல்லும் என்று சொல்லிப் போனார். தவமணி கரவனுக்குள் ஏறி, விழுந்து கிடந்தவற்றை விலக்கி, தேத்தண்ணி வைத்தாள். அண்ணை ரோட்டோரப் புல்லில் இருந்தார். நான் ஒரு கோப்பையைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் இருந்தேன். பக்தி எனக்குள் பொங்கிக்கொண்டிருந்தது.

"அண்ணை, இது முருகன்ரை வேலை. அவன்தான் உங்களை வாய் திறக்க வைச்சவன்."

"முருகன் இல்லை. நான் காலமையே கண்டனான்."

"என்னத்தை?"

"வாலிலை பாரத்தை. சுத்தி வந்து காலாலை அமத்தியும் பாத்தனான். முதல் பெரிய இறக்கத்திலை இது பிரளும் எண்டு தெரியும்."

"அப்ப ஏன் அண்ணை சொல்லேல்லை?"

அவர் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பிரண்டால் பிரளட்டும் எண்டு இருந்திட்டன்."

கீழே ரோட்டில் கல்யாணி பாவாடையில் தேங்காய் பொறுக்கிக்கொண்டு வந்தாள். அவளைப் பார்த்தபடி சொன்னார். "உதுகள் பின்னுக்கு இருக்குதுகள் எண்டது என்ரை மண்டையிலை ஏறவே இல்லையடா. அதுகள் ஜீப்பிலை ஏறேக்கை கண்டனான், மண்டையிலை ஏறேல்லை. பிள்ளை கத்தினாப் பிறகுதான்..."

நிறுத்திவிட்டார். பிறகு, நான் கேளாமலே, அண்ணியைப் பற்றிச் சொன்னார்.

"ஊரை விட்டு வெளிக்கிடேக்கை உன்ரை அண்ணி என்ரை லொறிக்குப் பின்னுக்குத்தான் இருந்தவ. முன்னுக்கு என்னோடைதான் ஏறினவ. ரெண்டு பிள்ளைத்தாச்சியள் நடந்து வருதுகள் எண்டு இறங்கி, அதுகளை முன்னுக்கு ஏத்திப்போட்டுத் தான் பின்னுக்குப் போனவ. காய்ச்சல். மழை. பின்னுக்கு அறுபது எழுபது சனம் நிக்குது. நான் ரோட்டைப் பாத்து ஓடினன். விடிய வெளிக்கிட்டுப் பொழுதுபட்டாப் போலைதான் நிப்பாட்டினன். பின்கதவைத் திறக்க, ஒருத்தரும் இறங்கேல்லை. எல்லாரும் என்னையே பாத்துக்கொண்டு நிக்கினம்."

தேத்தண்ணி ஆறிவிட்டது.

"ஆராவது எனக்குப் பின்னாலை லொறித் தட்டியிலை ஒரு தட்டுத் தட்டியிருந்தால் நிப்பாட்டியிருப்பன். அவதான் தட்ட விடேல்லையாம். லொறி நிண்டால் எல்லாற்றை பயணமும் நிண்டுபோம் எண்டு சொன்னவவாம். ஒரு சத்தம் கேட்டிருந்தால் நிப்பாட்டியிருப்பனடா."

எனக்கு ஒரு தேவாரமும் வாயில் வரவில்லை. நாலு மாதமாக நான் அந்த மனுசனுக்கு முன்னால் திருநீற்றுத் தட்டை நீட்டிக்கொண்டு நின்றிருக்கிறேன். அவர் காது கொடுத்துக் காத்திருந்தது லொறித் தட்டியில் ஒரு தட்டு. அவருடைய முதுகில் கையை வைத்தேன். எடு என்று சொல்லவில்லை. அவ்வளவுதான் நான் செய்தது.

உழவு இயந்திரம் வந்து கரவனைக் கானிலிருந்து இழுத்துவிட்டது. அண்ணை எழும்பிச் சாரத்தை மடித்துக் கட்டினார். எல்லாவற்றையும் இறக்கச் சொன்னார். பிறகு தானே ஏற்றினார். அரிசி நடுவில், சில்லுக்கு மேலே. கிடாரங்கள் அதற்குப் பக்கத்தில். மிஞ்சின தேங்காய் அதற்கும் முன்னால். முன்மேசையில் இருந்த முருகன், கயிறும் மாலையும் அறுந்து, முகங்குப்புற மெத்தையில் கிடந்தான். கண்ணாடியில் ஒரு கீறல்கூட இல்லை. அண்ணை படத்தைத் தூக்கி என்னிடம் நீட்டினார்.

"கொண்டுபோய் வாலிலை வை."

"அண்ணை, சுவாமியை... கக்கூசுக்குப் பக்கத்திலையே?"

"சுவாமி பாரமில்லை. வை."

வைத்தேன். கக்கூசுக் கதவுக்கு ஒரு பட்டுத்துணி தொங்கவிட்டு, முருகனிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு வைத்தேன். அதற்குப் பிறகு கரவன் ஒரு அசைவு அசையவில்லை. இது என் பக்திக்குப் பட்ட அடி. இன்றைக்கும் தடவிப் பார்க்கிறேன்.

மிச்ச முப்பது மைலும் நான்தான் ஓடினேன். அவரிடம் இந்த நாட்டு லைசென்ஸ் இல்லை. ஆனால் ஒவ்வொரு வளைவுக்கும் எனக்கு ஒரு பேச்சு விழுந்தது. "இப்ப குறை. இப்பவெண்டால் இப்ப, நாளைக்கில்லை." "கண்ணாடியைப் பார். உன்ரை முகத்தை இல்லை, ரோட்டை." பின்சீற்றில் கல்யாணி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். தவமணி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதாள். நான் இரண்டையும் செய்ய முடியாமல் ஸ்டியரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

கோவிலுக்குப் போய்ச் சேர்ந்தபோது மத்தியானப் பூசை முடிந்துவிட்டது. பொறுக்கி எடுத்தது எழுபத்தொரு தேங்காய். அடுத்த நாள் சோறு கறி சமைத்து அடியாருக்குப் போட்டோம். இருந்த தேங்காயை உடைத்தேன். மிச்சம் முப்பத்தேழை அந்த மலை இறக்கம் எடுத்துக்கொண்டது. அண்ணை கிடாரத்துக்கு விறகு தள்ளினார், சோறு அள்ளிப் பரிமாறினார், உப்புக் காணாது என்று என்னைப் பேசினார். ஆனால் கோவிலுக்குள் வரவில்லை. வாசல் மட்டும் வந்து, நின்று, திரும்பிப் போய் ஜீப்புக்குப் பக்கத்தில் கொக்கியைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் உள்ளே போய் முருகனிடம் சண்டை பிடித்தேன். பாதி நேர்த்திதானே நடந்திருக்கிறது என்றேன். வெளியே வந்து இன்னொரு தரம் அண்ணையைக் கூப்பிடப் போனேன். தவமணி என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"அவர் கதைக்கிறாரெல்லே? காணும். மிச்சத்துக்கு மனுசனை அரியண்டம் பண்ணாதேங்கோ."

பண்ணவில்லை. கரவனின் மூலையை அண்ணையே இரண்டு சனிக்கிழமை டெரிக்கின் வீட்டு முற்றத்தில் நின்று திருத்திக் கொடுத்தார். நான் பக்கத்தில் நின்று ஸ்பானர் பிடித்தேன். பிடித்த விதத்துக்கும் பேச்சு வாங்கினேன். டெரிக்குக்குத் தமிழ் ஒரு சொல்லும் தெரியாது. ஆனாலும், "உன் அண்ணன் சொல்வதெல்லாம் சரிதான்" என்றார்.

அதற்குப் பிறகு அண்ணை எங்களோடு ஏழு வருடம் இருந்தார். எல்லாம் மாறிவிட்டது என்று சொன்னால் பொய். சில கிழமைகளில் பழையபடி "ஓம்", "வேண்டாம்" என்று ஒடுங்கிப்போவார். நாங்கள் ஒன்றும் கேட்கமாட்டோம். கல்யாணி மட்டும் போய்ப் பக்கத்தில் இருந்து பள்ளிக்கூடப் பாடம் படிப்பாள், சத்தமாக. ஏதாவது சத்தம் கேட்டால் அவருக்கு நல்லது என்று அந்தப் பிள்ளைக்கு எப்படித் தெரியும் என்று எனக்குத் தெரியாது. கடைசிவரைக்கும் அவர் திருநீறு பூசவில்லை. லைசென்ஸ் எடுத்த பிறகு எங்களைக் கோவிலுக்கு அவர்தான் ஏற்றிக்கொண்டு போவார். வெளியே நிற்பார். ஒரு மாசி மாதம் நித்திரையிலேயே போனார். கிரியைக்கு ஐயர் கேட்டபோது அவருடைய நெற்றிக்கு நான்தான் திருநீறு பூச வேண்டியிருந்தது. "வேண்டாம்" என்று ஒரு சத்தம் வராதா என்று பார்த்துக்கொண்டே பூசினேன்.

அந்தப் பயணத்தால் என் வீட்டில் எனக்கு மிஞ்சினது ஒரு வசனம். நான் கோவில் கூட்டத்தில் சண்டை பிடித்துவிட்டு வந்து துள்ளினாலும், தேத்தண்ணிக்கு மூன்றாவது கரண்டி சீனி போட்டாலும், மருமகனுக்கு அறிவுரை சொல்லத் தொடங்கினாலும், யாராவது ஒருவர் அண்ணையின் குரலில் சொல்வார்கள்: "விசரா, காலை எடடா!" தவமணிகூடச் சொல்லுவாள், என்னை ஒரு நாளும் 'நீ' என்று பேசாதவள். கல்யாணியின் நாலு வயது மகளுக்குத் தமிழ் சரியாக வராது. ஆனால் இந்த ஒரு வசனம் ஒரு எழுத்துப் பிசகாமல் வரும். வீட்டுக்கு வருகிற ஆட்கள் திடுக்கிட்டுப் போவார்கள். அம்மப்பாவான பெரிய மனுசனைப் பார்த்து ஒரு குழந்தை இப்படிச் சொல்வதா என்று.

நான் கோபிப்பதில்லை. எனக்கு இப்போது எழுபது தாண்டிவிட்டது. ஐயா இல்லை, அம்மா இல்லை, அண்ணை இல்லை. என்னை 'அடா' போட்டுக் கூப்பிட உரிமையுள்ள ஒருவரும் இந்த உலகத்தில் மிச்சமில்லை. ஆகவே அந்தக் குஞ்சு இடுப்பில் கையை வைத்துக்கொண்டு அதட்டும்போது, நான் எதை மிதித்துக்கொண்டிருந்தாலும், உடனே காலை எடுத்துவிடுகிறேன்.